கம்பி வைக்காத ஜன்னல்

வீடு பார்க்க வருகிறவர்கள் வாங்க வந்தவர்களா, வேடிக்கை பார்க்க வந்தவர்களா என்பது மணிமேகலைக்கு அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். வேடிக்கைக்கு வந்தவர்கள் சமையல்கட்டை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். போரில் தண்ணீர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நேரே உள்ளறைக்குப் போய் வடக்குச் சுவரின் முன்னால் நிற்பார்கள். பார்த்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். அப்புறம் அவள் போட்டுக்கொடுத்த டீயை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோங்க" என்று வண்டியை எடுப்பார்கள். அதோடு சரி. டீத்தூளும் சர்க்கரையும் என்ன சும்மாவா கிடைக்கிறது?

திருவரங்குளத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டை ஒட்டின ஊர். வீடு மணிமேகலையின் புருஷன் ராக்கன் கட்டியது. ராக்கன் கொத்தனார். ஊரான் வீட்டையெல்லாம் கட்டி முடித்த பிறகு, செம்புறாங்கல் அஸ்திவாரம் போட்டுத் தனக்கென்று ஒன்று கட்டினான். சுவரில் கோலி உருண்டையை வைத்துத் தேய்த்தாலும் தடங்கல் இல்லாமல் உருளும், அப்படிப் பூச்சு. அந்த வீட்டில்தான் உள்ளறை வடக்குச் சுவர் மட்டும் புண் ஆறின தோல் மாதிரி கன்றிப்போய்க் கிடந்தது.

அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஊருக்கே தெரிந்த கதை.

பிரவீன்குமார் அவர்களுக்கு ஒரே பிள்ளை. கோயமுத்தூரில் ஏசி மெக்கானிக். காய்ச்சலோடு பஸ் ஏறி வந்து அந்த அறையில் படுத்தான். ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. ஒரு நாள் காலையில் மணிமேகலை, "புதுக்கோட்டைக்குக் கொண்டுபோயிருவோங்க, பெரியாஸ்பத்திரியில காட்டிருவோம்" என்றாள். ராக்கனுக்கு அன்றைக்கு ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கான்கிரீட். கலவை மிஷின் வந்து நிற்கிறது, ஆள்களும் வந்துவிட்டார்கள். கான்கிரீட் போட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஒட்டு விழுந்து மழைக்கு ஒழுகும். கொத்தனார் பெயர் கெட்டுவிடும். "சாயங்காலம் போயிரலாம்டா, கான்கிரீட் முடிஞ்சிரும்" என்று மகன் தலையைத் தடவிவிட்டுப் போனான். சாயங்காலம் கையில் காய்ந்த சிமெண்டோடு வந்தபோது பிள்ளை இல்லை.

துக்கம் அதோடு விட்டதா? பஞ்சாங்கம் பார்த்தவர், உயிர் போன நேரம் அவிட்டம், அடைப்பு என்றார். அடைப்பில் செத்தவனை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அதே வாசலைத் தேடித் திரும்பி வருவான், துணைக்கு ஆள் கேட்பான். அதனால் படுத்திருந்த அறையின் சுவரை உடைத்து, அந்த வழியாக எடுத்துக்கொண்டுபோய், உடனே அந்த வழியை அடைத்துவிட வேண்டும். போனவன் திரும்பி வந்து பார்த்தால் வழி இருக்கக் கூடாது. அதுதான் முறை. ராக்கன் கட்டின சுவரை ராக்கனுக்கு முன்னாலேயே கடப்பாரை போட்டு இடித்தார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள், அவனோடு வேலை பார்க்கிற செம்மல் கையில் கிடைத்த கல்லை வைத்து அடைத்து முடித்தான். மணிமேகலை அறையைப் பூட்டி ஆறு மாதம் வாசலில் விளக்கு வைத்தாள்.

அன்றிலிருந்து ராக்கன் வீட்டுக்குள் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு மூட்டையும் சென்ட்ரிங் பலகையும் போட்டுவைக்கிற தகர ஷெட் ஒன்று இருந்தது. அதில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டான். வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டான். போன வருஷம் ஐப்பசி மழையில் ஷெட்டு ஒழுகி, நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரிய பாடு. மணிமேகலை அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். அவன் சொன்னது ஒன்றுதான்.

"அந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன் மேகல. வேற எங்க வேணாலும் கூப்பிடு. பின்னாலயே வாரேன்."

அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இந்த மனுஷனையாவது ஒரு கூரைக்குக் கீழே வைத்து உயிரோடு பார்க்க வேண்டும். மழைக்கு முன்னால் வீட்டை விற்றுவிட்டு, தம்பி இருக்கிற கறம்பக்குடிப் பக்கம் இரண்டு ரூம் எடுத்துப் போய்விட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

புரட்டாசி பாதியில் தம்பி உதயசூரியன் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். அவள் ஏணியில் நின்று முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். தலை, கை, சேலையெல்லாம் வெள்ளை.

"அக்கா, எறங்கு. ஆள் கெடச்சிருச்சு."

"இதையேதான் போன தடவையும் சொன்ன."

"இது வேற. ஜஸ்டின்னு ஒரு வாத்தியாரு. இங்கிட்டு மாத்தல்ல வந்துருக்காரு. வேதக்காரங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு குடும்பத்தோட வாரேன்னுருக்காரு."

"வேதக்காரங்கன்னா செவத்தப் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க. ஏன் இப்படின்னு கேப்பாங்க. கேட்டா என்ன சொல்லுவ?"

மணிமேகலை ஏணியிலிருந்து இறங்கி முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் முகத்திலும் சுண்ணாம்பு ஏறியது. "எத்தன தடவ அடிச்சாலும் அந்த எடம் மட்டும் தனியாத் தெரியுது உதயா. காஞ்சதும் வெளிய வந்துருது. நானும் என்னதான் செய்யிறது?"

"அடிச்சு மறைக்க வேணாம். ஒடச்சு ஒரு ஜன்னல் வச்சிரு. ஜன்னல் இருக்குற எடத்துல யாரு வந்து என்னத்தக் கேக்கப்போறா? காத்தோட்டமா இருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க."

அவளுக்குப் பளிச்சென்று இருந்தது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது. "யாரு வப்பா?"

"வெளியாளக் கூப்பிட்டா நாளைக்கு டீக்கடையில அதுதான் பேச்சு. மச்சானையே கேளு."

"அவரா? அந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு."

"கேட்டுப் பாரேன். வெளியில நின்னுகூட வைக்கலாம்."

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்து, சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். ராக்கன் கட்டிலில் உட்கார்ந்து, துருப்பிடித்த கொத்துக்கரண்டியை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தான். வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை, ஆனாலும் கரண்டியைத் தேய்ப்பதை மட்டும் அவன் விடவில்லை. அவன் சோற்றைப் பிசைகிற வரைக்கும் பொறுத்திருந்து ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கெழம ஒரு வாத்தியாரு வாராரு, வீடு பாக்க."

"ம்."

"செவத்த அப்படியே காட்ட முடியாதுங்க."

"செம்மலக் கூப்பிட்டுப் பூசச் சொல்லு."

"அவன் பூசுனதுதானே இந்த லச்சணத்துல இருக்கு."

"அவனச் சொல்லாத. அன்னைக்கு அவனுக்குக் கை நடுங்குச்சு. தூக்குக்குண்டு பிடிக்காம வச்ச கல்லு. எவன் வச்சாலும் அப்படித்தான் இருக்கும்."

"பூச வேணாம். அந்த எடத்த ஒடச்சு ஒரு ஜன்னல் வச்சிரலாம்ங்கிறான் உதயன். நீங்க வச்சுக் குடுத்தா போதும். உள்ள வர வேணாம், வெளிய நின்னே செய்யுங்க."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. சோற்றைத் தூக்கிலேயே திரும்பப் போட்டான்.

"ஒடைக்கிறதா?"

"ஆமா."

"அடச்ச வழியவா?"

"வழி என்ன வழி. கல்லும் மண்ணுந்தான். வித்துட்டுப் போற வீடு, நமக்கென்ன."

அவன் வெகுநேரம் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பின் மேல் ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை. அவள், கேட்டது தப்போ என்று பயந்துகொண்டு நின்றாள். கடைசியில் கேட்டான்.

"எம்புட்டு அகலம் வைக்கணும்?"

மணிமேகலைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மனுஷன் வேலையைப் பற்றி வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். ஆனால் பட்டினி கிடந்தவளுக்கு இலையைப் போட்டால் இலையைத்தான் பார்ப்பாள்.

மறுநாள் விடிந்ததும் ராக்கன் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, வடக்குச் சுவரை ஒட்டின சந்துப் பக்கம் வந்தான். கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டான். முதல் அடி அடிப்பதற்கு முன்னால் சுவரைத் தொட்டு, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தொழிலுக்கு வணக்கம் வைக்கிறான் என்று அவள் நினைத்தாள். செம்மல் வைத்த கல் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு கல்லையும் அவன் வீசவில்லை, எடுத்து எடுத்துச் சந்தில் அடுக்கினான். மத்தியானத்துக்குள் உள்ளறை வரைக்கும் வெளிச்சம் விழுந்தது. அந்த அறையில் வெளிச்சம் விழுந்து எத்தனை நாளாயிற்று.

உதயசூரியன் புதுக்கோட்டையில் பழைய சாமான் கடையிலிருந்து வேப்பமரத்தில் செய்த ஜன்னல் நிலை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். நல்ல நிலை, கதவுகூட ஆடாமல் இருந்தது. ராக்கன் அதை மடியில் சாய்த்துக்கொண்டு, ரம்பத்தால் கம்பிகளை ஒன்றுவிடாமல் அறுத்தெடுத்தான்.

"என்ன மச்சான், கம்பிய அறுக்குறீங்க?"

"கம்பி வேணாம் மாப்ள."

"பூன வரும், பாம்பு வரும். வாத்தியாரு கேக்க மாட்டாரா?"

"காத்து வரட்டும்."

மணிமேகலை தம்பியைக் கண்ணால் அடக்கினாள். வாத்தியார் வேண்டுமானால் பின்னால் கம்பி வைத்துக்கொள்ளட்டும், இப்போது இந்த மனுஷனை எதுவும் சொல்லாதே என்று அதற்கு அர்த்தம். நிலையை அவன் மிகவும் தாழ்வாக வைத்தான். அறைக்குள் முழங்கால் உயரத்துக்கு மேல் இல்லை; சந்துத் தரை பள்ளம் என்பதால் அந்தப் பக்கம் இடுப்புக்கு மேல் வரும். ஜன்னல் என்றால் ஜன்னல், வாசல் என்றால் வாசல். ரசமட்டம் வைத்துப் பார்த்தான், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். ஒரு நூல் கோணல் இல்லை. அவள் சாந்து குழைத்துச் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணம் ஆன புதிதில் அவனோடு சித்தாள் வேலைக்குப் போனது ஞாபகம் வந்தது. "சாந்து தண்ணியா இருக்கு, இன்னும் கொஞ்சம் மணல் போடு" என்று அவன் அதட்டினான். அந்த அதட்டலுக்காகத் தலையில் எத்தனை சட்டி வேண்டுமானாலும் சுமக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை அவள் முன்வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து மட்டக்கட்டையால் பூச்சைத் தேய்க்கிற சத்தம் வந்தது. சர், சர் என்று. ஓடிப்போய்ப் பார்த்தாள். உள்ளறையில் ராக்கன் நின்று உள்பக்கம் பூசிக்கொண்டிருந்தான்.

"எப்பங்க வந்தீங்க? வாசல்ல நாந்தானே உக்காந்துருந்தேன்."

"இங்கிட்டுத்தான் வந்தேன்" என்று கரண்டியால் ஜன்னலைக் காட்டினான்.

எந்த வழியாக வந்தால் என்ன, வந்துவிட்டானே. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு அவன் அந்த அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாந்தரம் சோறு வாங்கினான். ஷெட்டிலிருந்து கட்டிலைத் தூக்கிவந்து, மகன் படுத்த இடத்திலேயே ஜன்னலைப் பார்க்கப் போட்டுக்கொண்டான். மனுஷன்தான் உள்ளே வந்துவிட்டானே, இனி வீட்டை எதற்கு விற்பது என்றுகூட அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. தம்பியிடம் போனில் சொன்னாள்.

"பைத்தியமா ஒனக்கு?" என்றான் அவன். "இப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சு வாராரு. அந்த ரூம்ல வச்சுருந்தா மறுபடி பழைய கததான். வித்துட்டுக் கெளம்புங்க."

அதுவும் சரியாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டின் வாத்தியார் மனைவி ஷர்லியோடும் சின்ன மகளோடும் வந்தார். உதயசூரியன் முன்னாலேயே வந்து காத்திருந்தான். அவர்கள் சமையல்கட்டைப் பார்த்தார்கள். போரில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டார்கள். கொல்லையில் நின்ற முருங்கை நன்றாகக் காய்க்குமா என்று ஷர்லி விசாரித்தாள். வாங்க வந்தவர்கள்தான். உள்ளறைக்கு வந்ததும் ஷர்லி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வாடைக்காற்று முகத்தில் அடித்தது. ராக்கன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை.

"நல்ல காத்துக்கா. இப்பத்தான் வச்சிருக்கீங்க போல, சிமெண்டு ஈரம் காயல."

"ஆமாங்க. உள்ள புழுக்கமா இருந்துச்சு, அதான்..." என்றாள் மணிமேகலை, ஜன்னலைப் பார்க்காமல்.

ஷர்லி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, பயப்படாதீங்க. பஸ் ஸ்டாப்ல எறங்குனதுமே கடைக்காரம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தம்பி பேரு பிரவீனாமே."

"தெரிஞ்சும் வந்தீங்களாம்மா?"

"சாவு விழாத வீடு எங்கம்மா இருக்கு?" என்றார் ஜஸ்டின். "எங்களுக்கு அந்த நாள் நட்சத்திரமெல்லாம் கெடையாது. செவுரு அப்படியே இருந்திருந்தாலும் வாங்கியிருப்போம். வீணா செலவு பண்ணிட்டீங்களேன்னுதான் இருக்கு. வீடு எங்களுக்குப் புடிச்சிருக்கு."

மணிமேகலை சுவரில் சாய்ந்துகொண்டாள். எந்தச் சுவரை நினைத்து ஒன்றரை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தாளோ, அது இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்போதுதான் சந்துப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பெண், ஜன்னல் தாழ்வாக இருப்பதைப் பார்த்து, விளிம்பைப் பிடித்து ஏறினாள். முதலில் இரண்டு கை தெரிந்தது, அப்புறம் தலைமுடி. கட்டிலில் இருந்த ராக்கன் பதறி எழுந்தான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை மணிமேகலை பார்த்தாள். பிள்ளை பிறந்த அன்று பார்த்த முகம் அது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினான். அந்தப் பெண்ணின் முகம் மேலே வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். நீட்டின கை கீழே இறங்க வெகுநேரம் ஆயிற்று.

ஷர்லி ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டாள். "ஒண்ணும் இல்லைங்கண்ணே, குறும்பு ஜாஸ்தி. மொதல்ல இதுக்கு ஒரு கம்பி அடிச்சிரணும்."

"கம்பி வைக்கக் கூடாது" என்றான் ராக்கன்.

"இல்லண்ணே, சின்னப்புள்ள இருக்குற வீடு..."

"கம்பி வச்சா அவன் எப்படி வருவான்?"

ஜஸ்டின்தான் மெதுவாகக் கேட்டார். "யாருங்கய்யா?"

"எம் மகன்." ராக்கன் நிதானமாகத்தான் சொன்னான். கிறுக்குப் பிடித்தவன் பேச்சு மாதிரியே இல்லை, வீட்டு வேலை பேசுகிற மாதிரி இருந்தது. "இந்த வழியாத்தான் போனான். போனதும் அடச்சுப்புட்டாங்க. வந்து பாத்துட்டு வழி தெரியாம நின்னுருப்பான். இப்பத் தொறந்தாச்சு. வருவான். வீடு விக்கிறதுக்கில்லீங்க சார். வாரப்ப வேற ஆளு இருந்தா திரும்பிப் போயிருவான்."

வாத்தியார் நல்ல மனுஷன். ராக்கனின் தோளில் கையை வைத்து ஏதோ வாய்க்குள் ஜெபம் சொன்னார். வெளியே வந்து உதயசூரியனிடம், "அவரக் கொண்டுபோய்க் காட்டுங்க தம்பி. வீட்டப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அப்புறம் என்றால் என்ன என்று மணிமேகலைக்குத் தெரியும். அன்றைக்கும் டீ போட்டிருந்தாள். யாரும் குடிக்கவில்லை.

அவர்கள் போனதும் அவள் ராக்கனின் காலடியில் உட்கார்ந்தாள்.

"வேற எங்க வேணாலும் வாரேன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"வாங்க, போயிருவோம். ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். வீடு விக்காட்டியும் போகுது, பூட்டிப் போட்டுட்டுப் போயிருவோம்."

"அப்ப வழி அடச்சிருந்துச்சு மேகல. இப்ப எப்படி வர முடியும்?" அவளைப் பார்க்காமலேயே அவள் தலையைத் தடவினான். "நீ வேணா ஒந்தம்பி வீட்டுக்குப் போ. நான் இருக்கேன். வீட்ல ஆளில்லாம இருக்கக் கூடாது."

உதயசூரியன் கத்தினான், "செம்மலக் கூட்டியாந்து ஒரே நாள்ல அடச்சு எறிஞ்சுருறேன்" என்று சந்தில் அடுக்கியிருந்த கல்லை எட்டி உதைத்தான். மணிமேகலைதான் வேண்டாம் என்றாள். இன்னொரு தடவை அந்தச் சுவரை அடைத்தால் இந்த மனுஷன் உள்ளே இருந்துகொண்டே செத்துப்போவான். புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கலாம் என்றால், கட்டிலை விட்டு அசைய மாட்டேன் என்கிறான். அடித்தா தூக்கிப்போவது?

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வாடைக்காற்று சாரலை அள்ளிக்கொண்டு நேரே அந்த ஜன்னலில்தான் வந்தது. நல்ல நிலை, நல்ல கதவு, இழுத்துச் சாத்தினால் ஒரு சொட்டு உள்ளே வராது. ராக்கன் சாத்த விடவில்லை. தரையெல்லாம் தண்ணீர். சுண்ணாம்பு கரைந்து சுவரில் கோடு கோடாக இறங்கியது. கட்டிலில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். இருமல் மறுபடியும் வந்துவிட்டது.

ஒரு நாள் மாலை அவள் அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். ராக்கன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மழைக்குள்ளே கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"வாடா. இன்னைக்கு நான் வேலைக்குப் போகல. கான்கிரீட்டு கெடக்குது, எவன் வீடு ஒழுகுனா என்ன. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

மணிமேகலை இதைக் கேட்டிருக்கக் கூடாது. பிள்ளை போன அன்று காலையில் அவன் வாயிலிருந்து எந்த வார்த்தை வரவேண்டும் என்று அவள் வாசலில் நின்று தவித்தாளோ, அதே வார்த்தை இப்போது வருகிறது. ஏன் சொல்லவில்லை என்று அவனை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் மேலே வந்தது, அழுகையாகக்கூட மாறவில்லை. இந்த வீட்டுக்குள் அவன் வர வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. வந்துவிட்டான். அவளிடம் வரவில்லை.

அந்த அறையில் அவளால் நிற்க முடியவில்லை. அடுத்த அறையிலும் குரல் கேட்டது. முன்வாசலிலும் கேட்டது.

அவனுக்குச் சோறு போட்டு, ரசத்தை ஊற்றி, தட்டை மூடி அறை வாசலில் வைத்தாள். தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டபடி மழையில் இறங்கிக் கொல்லையைக் கடந்தாள். தகர ஷெட்டில் தண்ணீர் சொட்டாத இடம் ஒரு மூலையில் இருந்தது. கட்டிலின் கால் நான்கும் பதிந்த குழி அங்கே அப்படியே இருந்தது. சென்ட்ரிங் பலகையை நகர்த்திவிட்டு அந்த இடத்திலேயே பாயை விரித்து உட்கார்ந்தாள். தகரத்தில் மழை போட்ட சத்தத்தில் வீட்டிலிருந்து எதுவும் கேட்கவில்லை.